குளிர் மலையில் நாய்க்கும் பூனைக்கும் தண்ணீர்: மலையகத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் மார்கழி பிறந்துவிட்டால், நாய்க்குக் காலையில் வைத்த தண்ணீர் அந்தியிலும் வைத்தபடியே கிடக்கும். "குளிருக்கு அதுக்கு ஏது தாகம்" என்று நாமும் விட்டுவிடுவோம். தாகம் குறைவது சரிதான். ஆனால் உடம்பிலிருந்து தண்ணீர் போவது நிற்பதில்லை. சிறுநீரில் போகிறது, மலத்தில் போகிறது, மூச்சில் போகிறது.

இந்த மூச்சுக் கணக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். "இங்கே எந்நேரமும் மூடுபனி, காற்றே ஈரம், பிறகு எப்படி உடம்பு காயும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. 10 பாகை செல்சியஸில் இருக்கும் காற்று, பனி மூடிக் கிடந்தாலும், ஒரு கன மீட்டருக்கு 9 கிராம் அளவு நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று நாயின் நெஞ்சுக்குள் போய் உடல் சூட்டுக்கு வந்தால் 40 கிராமுக்கு மேல் தாங்கும். அந்த வித்தியாசத்தை உடம்புதான் நிரப்பிக்கொடுக்கிறது. குளிரில் நாய் மூச்சு விடும்போது வாயிலிருந்து வரும் புகை அதனுடைய உடம்புத் தண்ணீர்தான். அதில் ஒரு பங்கை மூக்கு திரும்பப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் போனது போனதுதான்.

அதனால் கோப்பையை நிரப்பி வைத்துவிட்டு, குடிக்குமா என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. குளிர் மாதங்களில் தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்து உள்ளே அனுப்பிவிட வேண்டும். போதுமா போதாதா என்பதைச் சிறுநீரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் கவனம் வேண்டும் என்பது நீங்கள் இருக்கும் பக்கத்தைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழையும் காற்றும். பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளைப் பக்கம் வருடக் கடைசி மழை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில இரவுகளில் தரையில் வெண்பனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். எனக்கு அதிகம் பயம் தருவது ஜனவரியும் பெப்ரவரியும்தான். இரவில் நடுக்கம், பகலில் சுள்ளென்று வெயில், மழை கிடையாது. நாய் பகல் முழுக்க வெயிலில் ஓடிவிட்டு, இரவில் தண்ணீர்ப் பக்கமே போகாமல் சுருண்டு படுத்துவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

நாய்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் தண்ணீர் தேவை. பூனைக்கும் கிட்டத்தட்ட அதுதான், சற்றுக் குறையலாம். கோப்பையில் குடிப்பதை மட்டும் வைத்துச் சொல்வதல்ல இது. சோற்றிலும் இறைச்சியிலும் இருக்கும் தண்ணீரும் சேர்ந்த கணக்கு.

10 கிலோ நாயை எடுத்துக்கொள்வோம். அதற்கு 500 முதல் 600 மில்லிலீற்றர் வேண்டும். வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஒரு நாளில் 300 கிராம் சோறு தின்றால் 200 மில்லிலீற்றர் அதிலேயே வந்துவிடும். கறி, குழம்பு என்று சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். அப்படிப்பட்ட நாய் கோப்பையில் கொஞ்சமாகக் குடித்தால் பதற வேண்டியதில்லை. பெக்கட்டில் வரும் உலர்தீனி தின்னும் நாயின் கதை வேறு. அந்தத் தீனியில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான். மிச்சம் முழுவதையும் அது குடித்துத்தான் ஆக வேண்டும்.

அளப்பதற்கு ஒரு லீற்றர் போத்தல் போதும். காலையில் போத்தலை நிரப்பி, அதிலிருந்து மட்டும் கோப்பைக்கு ஊற்றுங்கள். மறுநாள் காலையில் கோப்பையில் மிஞ்சியதைப் போத்தலிலேயே திருப்பி ஊற்றினால் குறைந்த அளவு தெரியும். மூன்று நான்கு நாள் பார்த்தால் உங்கள் நாயின் வழக்கம் பிடிபட்டுவிடும். ஒரே கோப்பையில் இரண்டு பிராணிகள் குடிக்கிற வீட்டில் எது எவ்வளவு குடித்தது என்று சொல்ல முடியாது. அந்த நாட்களுக்கு மட்டும் பிரித்து வையுங்கள். எடை தெரியாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் சரி. கொழுந்து மடுவத்துத் தராசு வரைக்கும் போக வேண்டாம், கணக்கப்பிள்ளை என்ன சொல்வாரோ தெரியாது.

தண்ணீரின் சூடு, கோப்பை, வைக்கும் இடம்

விடியற்காலை டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைக்கும். நாயும் பூனையும் அதைக் குடிக்கும், ஆனால் இரண்டு நக்கோடு விட்டுவிடும். வெதுவெதுப்பாகக் கொடுத்தால் நின்று குடிக்கும். கைக்குழந்தையைக் குளிப்பாட்ட எந்தச் சூடு பார்ப்போமோ அந்தச் சூடு போதும். காலையில் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைக்கும்போதே அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, பச்சைத் தண்ணீரில் கலந்து வைத்தால் தனி வேலை இல்லை. காலையில் ஒரு தடவை, அந்தியில் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை. "நாய்க்கு என்னாத்துக்குப் பிள்ள சுடுதண்ணி?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்கத்தான் செய்வார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

தேத்தண்ணியையே ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மிச்சத் தேத்தண்ணியில் பிஸ்கட்டை ஊறவைத்து நாய்க்குப் போடாத வீடு எங்கே இருக்கிறது? அதிலுள்ள கஃபைன் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. நெஞ்சு படபடக்கும், உடம்பு நடுங்கும். குட்டிகளுக்கு இன்னும் மோசம். ஒரு வாய் நக்கியதற்காக ஓட வேண்டாம், ஆனால் தண்ணீருக்குப் பதிலாகத் தேத்தண்ணி என்பது கூடாது. வடித்த தேயிலைச் சக்கையைக் குப்பைப் பக்கம் கொட்டும்போதும் நாய் எட்டாத இடமாகப் பாருங்கள். பாலும் தண்ணீர்க் கணக்கில் சேராது. வளர்ந்த நாய், பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றால் போகும். உள்ளே போனதைவிட வெளியே போவதுதான் அதிகமாகும்.

சில்வர் கோப்பை கழுவ நல்லது, ஆனால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கனமான பீங்கான் கோப்பையோ பழைய மண் சட்டியோ சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், காற்றுக்குக் கவிழவும் செய்யாது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து, அதற்குள் வழுவழுப்பு ஏறும். விரலால் கோப்பையின் அடியைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி வையுங்கள். குளிர்தானே, தண்ணீர் கெடாது என்று நாட்கணக்கில் மேலே மேலே ஊற்றுவதுதான் இங்கே அதிகம் நடக்கிறது.

இஸ்தோப்பின் ஓரத்தில், சாரல் அடிக்கும் இடத்தில் கோப்பை இருந்தால் நாய் எழும்பிப் போகாது. அது படுக்கும் சாக்குக்கு நாலு அடி தள்ளி, காற்று படாத சுவரோரம் வையுங்கள். கட்டிப்போடும் நாயென்றால் சங்கிலி எட்டுகிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். கூடவே இன்னொன்று. மழைக்கும் குளிருக்கும் வெளியே போகப் பிடிக்காத நாய் சிறுநீரை அடக்கிக்கொள்ளும். இரவு படுக்குமுன் குடையைப் பிடித்துக்கொண்டாவது ஒருமுறை வெளியே கூட்டிப் போக வேண்டும்.

எந்தத் தண்ணீர்

பீலித் தண்ணீர் ஊற்றிலிருந்து நேரே வந்தால் நல்லதுதான். பீலிக்குக் கீழே தேங்கி நிற்கும் தண்ணீர், கான் தண்ணீர், மரக்கறித் தோட்டத்து வடிகால், இவைதான் ஆபத்து. அதில் இருப்பவை மூன்று.

முதலாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து நாய்க்குத் தொற்றும், நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நோய் இது. நாய்க்கு வருடாவருடம் போடும் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்ந்திருக்கிறதா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

இரண்டாவது மருந்து. கிழங்கு, கரட், லீக்ஸ் போடும் பாத்திகளில் அடிக்கும் பூச்சிமருந்து மழையோடு இறங்கிக் கானுக்கு வரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. அந்தத் தண்ணீர் எந்த வகையிலும் வேண்டாம். மருந்து கலக்கிய வாளியைக் கழுவாமல் வெளியே வைத்தால் மழைத் தண்ணீர் அதில் நிறையும், நாய் அதைத்தான் தேடிப்போய்க் குடிக்கும்.

மூன்றாவது நீரட்டை. காலில் ஏறும் அட்டை நமக்குப் பழக்கம். ஓடையில் குடிக்கும்போது நாயின் மூக்குக்குள் ஏறும் அட்டையைப் பலருக்குத் தெரியாது. குட்டி அட்டையாக ஏறி, உள்ளேயே இருந்து பெருக்கும். ஒரு பக்க மூக்கில் மட்டும் அடிக்கடி இரத்தம், ஓயாத தும்மல், மூக்கைக் காலால் தேய்ப்பது என்றால் இதை நினையுங்கள். உப்பையோ புகையிலைச் சாற்றையோ மூக்கில் விடும் கைவைத்தியம் செய்ய வேண்டாம். வைத்தியர் எடுத்துவிடுவார். நடக்கக் கூட்டிப் போவதற்கு முன்னமே வீட்டில் வெந்நீர் கலந்த தண்ணீரைக் குடிக்க விட்டால் ஓடைப் பக்கம் இழுப்பது குறையும்.

சாப்பாட்டோடு தண்ணீர்

உலர்தீனி தின்னும் நாய்க்கு, ஒரு கோப்பைத் தீனிக்கு ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மணம் கிளம்பும், நாயும் ஆவலாகத் தின்னும். சிலது கூழாகிவிட்டால் முகம் திருப்பும். அதற்குக் கால் கோப்பைத் தண்ணீரில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். ஊறிய தீனியை நாள் முழுக்க வைத்திருக்க வேண்டாம்.

சோறு தின்னும் நாய்க்கு இரசம் மாதிரி ஒன்று காய்ச்சிச் சோற்றோடு பிசைந்து கொடுப்பது என் வழக்கம். கோழிக் கால் அரைக் கிலோ. நகத்தை வெட்டி, நன்றாகக் கழுவி, இரண்டு லீற்றர் தண்ணீரில் போட்டுச் சிறு தணலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். விறகடுப்பாயிருந்தால் சமையல் முடிந்த பிறகு மிஞ்சும் தணலே போதும். உப்பு வேண்டாம், தூள் வேண்டாம், வெங்காயம், பூண்டு கட்டாயம் வேண்டாம். இறக்கி வடித்து எலும்பு முழுவதையும் எடுத்துவிடுங்கள், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். நம் ஊர்க் குளிருக்கு இது இரவோடு இரவாகக் கட்டியாகிவிடும். காலையில் மூடியைத் திறந்தால் மேலே மஞ்சளாய்க் கொழுப்பு ஒரு படை, கீழே கரண்டி வைத்தால் ஆடும் கட்டி. கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு, கட்டியில் இரண்டு மூன்று கரண்டியைச் சுடுசோற்றில் போட்டு, கொஞ்சம் வெந்நீரும் விட்டுப் பிசைந்தால் கரைந்து சோறு முழுக்க ஏறும். வயிறு காய்ந்த நாய் கோப்பையைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை பாவிக்கலாம்.

பூசணி, கரட் வேகவைத்து மசித்துப் போடலாம். லீக்ஸ் மட்டும் கூடாது. வெங்காயம், பூண்டு, லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். நாய், பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நுவரெலியாப் பக்கத்து வீட்டில் லீக்ஸ் போடாத சூப் ஏது? அதனால் வீட்டுச் சூப்பை நாய்க்கு ஊற்றும் பேச்சே வேண்டாம். பருப்பும் அப்படித்தான், வெங்காயம், பூண்டு சேர்ப்பதற்கு முன் நாயின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

நெத்தலித் தலை, கருவாட்டு முள் போடுகிறவர்கள் அதிலுள்ள உப்பை மறந்துவிடுகிறார்கள். தாகம் எடுத்துக் குடிக்கட்டும் என்று உப்பு கொடுப்பது தவறான யோசனை. சிறுநீரகத்துக்கு வேலை கூடும். நெத்தலி போட வேண்டுமென்றால் ஊறவைத்து, ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

பூனைக்குத் தனிக் கவனம்

பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துப் பிராணிகள். இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கெட்டியாக்கிச் சமாளிக்கும் உடம்பு. அதனால் தாகம் இயல்பிலேயே மந்தம். குளிரில் அடுப்படிச் சாம்பல் சூட்டில் படுத்ததென்றால் சாப்பாட்டு நேரம் தவிர எழும்பாது. குடிக்கவும் போகாது, ஒன்றுக்கும் போகாது. கெட்டியான சிறுநீர் பையிலேயே கிடந்து மணல் மாதிரித் துகளும் கல்லும் சேரும்.

4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 200 மில்லிலீற்றர் என்று வையுங்கள். 85 கிராம் ஈர உணவுப் பெக்கட் ஒன்றில் 65 மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. வாங்க வசதியில்லையென்றால் உப்பில்லாமல் அவித்த மீனை அந்தத் தண்ணீரோடு கொடுங்கள், தினமும் அது மட்டும் என்றாக்காமல் கோழியும் மாற்றி மாற்றி. தண்ணீரைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். வாய் அகன்ற கோப்பைதான் அதற்குப் பிடிக்கும். மழைக்கு வெளியே போகாத பூனைக்கு உலர்ந்த மணலையோ மரத்தூளையோ ஒரு தட்டில் பரப்பிச் சந்தடியில்லாத மூலையில் வைத்தால் அடக்கிவைக்காது.

கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் இதை மறக்காதீர்கள். அடிக்கடி குந்துகிறது, முக்குகிறது, கத்துகிறது, அடியை நக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காமல், இரவானாலும் வைத்தியரைத் தேடுங்கள்.

போதுமா என்று சோதிப்பது

சிறுநீர்தான் முதல் சாட்சி. இளமஞ்சளாய் இருந்தால் நல்லது. கடும் மஞ்சள், மணம் தூக்கல், போகும் தடவை குறைவு என்றால் தண்ணீர் பற்றாது. பிளேன் டீ நிறத்திலோ சிவப்பாகவோ போனால் தண்ணீர்க் குறை என்று மட்டும் நினைக்க வேண்டாம். உண்ணிக் காய்ச்சலிலும் எலிக்காய்ச்சலிலும் இப்படிப் போகும். அன்றைக்கே காட்ட வேண்டும்.

அடுத்தது ஈறு. உதட்டைத் தூக்கி விரலால் தொட்டால் ஈரமாய் வழுக்க வேண்டும், ஒட்டக்கூடாது. அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். வெளியே நனைந்து நடுங்கி வந்த உடனே பார்க்காதீர்கள், குளிரிலும் இரத்தம் மெதுவாகத்தான் திரும்பும். உடம்பு சூடேறிய பிறகு பாருங்கள். தோளுக்கு மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டுப் பார்ப்பதும் உண்டு. உடனே படிய வேண்டும். கிழட்டு நாய்க்குத் தோல் தொய்ந்திருக்கும், கொழுத்த நாய்க்கும் சின்னக் குட்டிக்கும் கணக்குப் பிழைக்கும், ஆகவே இதை மட்டும் நம்பக்கூடாது. இந்த அறிகுறிகள் வெளியே தெரிவதே உடல் எடையில் 5 சதவீதத் தண்ணீர் போன பிறகுதான். 10 கிலோ நாயென்றால் அரை லீற்றர் ஏற்கெனவே போய்விட்டது.

எப்போது வைத்தியரிடம்

வாந்தியோ வயிற்றோட்டமோ இருக்கும்போது கோப்பை நிறைய வைக்காதீர்கள், மடமடவென்று குடித்து எல்லாவற்றையும் கக்கிவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். வயிற்றோட்டத்துக்கு நாம் குடிக்கும் ஜீவனித் தூளைக் கரைத்துக் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை வைத்தியரிடம் தொலைபேசியிலாவது கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் கொடுப்பதென்றால் கன்னத்தின் ஓரமாய், தலையை அண்ணாக்காமல், விழுங்க விட்டு விட்டுக் கொடுக்க வேண்டும். தொண்டைக்குள் நேரே அடித்தால் நுரையீரலுக்குப் போய்விடும். மயங்கிக் கிடக்கும் பிராணிக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. காய்ச்சலாயிருக்கும் என்று பரசிட்டமோல் கொடுக்கவே கூடாது, பூனைக்கு ஒரு குளிசையே எமன்.

தடுப்பூசி போடாத குட்டிக்கு இரத்தத்தோடு வயிற்றால் போனால் மணிக்கணக்கும் பொறுக்க முடியாது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு பஸ் எப்போது என்று பார்த்துப் போகிற நிலைமைதான் நமக்கு. அரசாங்க மிருக வைத்திய நிலையம் எத்தனை மணிக்கு மூடும், வார இறுதியில் யார் இருப்பார், ஆட்டோவில் நாயை ஏற்றுகிறவர் யார் என்பதையெல்லாம் நாய் நன்றாயிருக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிக்கலென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

அளவுக்கு மீறிக் குடித்தாலும் கவனிக்க வேண்டும். குளிர் மாதத்தில் ஒரு நாய் கிலோவுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் அது நல்ல பழக்கமல்ல, நோயின் அடையாளம். நீரிழிவாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம். குட்டித்தடை செய்யாத பெட்டை நாய் சூட்டுக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் இப்படிக் குடிக்கத் தொடங்கி, சாப்பாட்டையும் வெறுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். தண்ணீரைக் குறைத்துப் பார்ப்போம் என்று கோப்பையை எடுத்துவிடாதீர்கள்.

முயல், கோழி, கூண்டுக் குருவி

முயல் உடம்புக்கு அதிகம் குடிக்கும், கிலோவுக்கு 100 மில்லிலீற்றர் அளவில். தொங்கும் போத்தலைவிடக் கனமான கோப்பையில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும். புல்லையும் கீரையையும் கழுவி, ஈரத்தோடு போடலாம். மருந்தடித்த பாத்தியோரத்துப் புல் வேண்டாம்.

முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்குக் கால் லீற்றர் போல வேண்டும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான், தண்ணீர் குறைந்தால் முதலில் முட்டை குறையும். கூட்டைத் திறந்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் அடையிலிருந்து இறங்கியதும் குடிக்கும். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் மாற்றி, எச்சம் விழாதபடி உட்காரும் கம்பிலிருந்து தள்ளி மாட்டுங்கள். இரவில் கூண்டுக்குப் படங்கு போட்டு மூடும் வீடுகளில், காலையில் படங்கை எடுத்ததும் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.